துப்பாக்கியைத் தேய்த்த மாதங்கள்

ஒரு ரிவால்வரைத் தேய்ப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை அல்ல. சுட்டுச் சுட்டு அதைத் தேய வைக்கும் வேலை. நான் செய்த வேலைகளைச் சொல்லும்போது இதை மட்டும் யாரும் நம்புவதில்லை. செம்பனைத் தோட்டத்து லாரியில் எண்ணெய்ப் பழக் குலை ஏற்றினேன் என்றால் நம்புகிறார்கள், ஜொகூரில் கப்பலின் அடிப்பக்கத்தில் துரு சுரண்டினேன் என்றால் நம்புகிறார்கள். இதற்கு மட்டும் சிரிக்கிறார்கள்.

இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். ஓர் இடத்தில் இரண்டு வருடம் தங்கினால் காலில் அரிப்பு வந்துவிடும். பினாங்கிற்குத் திரும்பி வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். தீவின் மலையடிவாரத்தில், முன்பு கல் உடைத்த பள்ளம் ஒன்றில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தது. அங்கே புல் வெட்டப் போனேன். உறுப்பினர்கள் டாக்டர்கள், குத்தகையாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

அந்தச் சங்கத்துக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்ப உரிமம் இருந்தது. சுட்ட பித்தளை உறையை எடுத்துச் சுத்தம் செய்து, புதிதாக வெடிமருந்து போட்டு, ஈயக் குண்டு வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. சின்ன ரிவால்வர்களுக்கு இப்படிப் பல வருடமாகச் செய்துவந்தார்கள். ஆனால் மேக்னம் என்கிற பெரிய ரிவால்வருக்குக் கடைத் தோட்டாவைத்தான் நம்பினார்கள். அதற்குள் ஏறும் அழுத்தம் வேறு மாதிரி. கடைத் தோட்டாவோ விலை அதிகம், வந்துசேரத் தாமதம். நாமே நிரப்பினால் என்ன, நிரப்பினால் நாளடைவில் துப்பாக்கி தளர்ந்துவிடுமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. பேசி முடியவில்லை. கடைசியில், சங்கத்திடம் இருந்த பழைய மேக்னம் ஒன்றைப் பலி கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். நாமே நிரப்பிய தோட்டாவை அதில் போட்டு நாள்தோறும் சுடுவது. ஆண்டுக் கூட்டம் வரும்போது துப்பாக்கி உறுதியாக இருந்தால் தோட்டா அறையைப் பெரிதாக்குவது. அங்கே வேலை செய்பவர்களை நிரந்தரமாக்குவது. நடுவில் விரிசல் விட்டால் அறையையே மூடிவிடுவது.

சங்கத்துப் பயிற்சியாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் வெடித்தாலும் கண் சிமிட்டாமல் புல் வெட்டிக்கொண்டிருந்தேனாம், அதைப் பார்த்திருக்கிறார். விரல் ரேகை கொடுத்து, அனுமதிக்காகச் சில மாதம் காத்திருந்து, அவர் முன்னிலையில் மட்டும் சுடலாம் என்ற நிபந்தனையோடு ஆரம்பித்தேன்.

தோட்டா நிரப்பியது ஓர் அக்கா. பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருந்தது. அந்த வயதில் வேறு தொழிற்சாலை எதுவும் ஆளை எடுக்காது. ஒரு பேரங்காடியில் துப்புரவுக் குத்தகைக்காரரிடம் சேர்ந்து கழிவறை கழுவினார். அங்கே மேற்பார்வையாளனுக்கு அவருடைய பிள்ளை வயதுதான் இருக்குமாம், அவன் விசில் அடித்துக் கூப்பிடுவானாம். "விசிலுக்கு நாய்தான் தம்பி வரும்" என்று சொன்னார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. தங்கை வீட்டு ஓர் அறையில் இருந்தார். தங்கை நல்லவள்தான், தான் சும்மா உட்கார்ந்து சாப்பிடாதவரை நல்லவள் என்று அவரே சொல்வார். எங்கள் இரண்டு பேரில் அந்த ரிவால்வர் தாங்க வேண்டும் என்று உண்மையாக வேண்டிக்கொண்டவர் அவர்தான். எனக்கு வேலை போனால் இன்னொரு ஊர். அவருக்குப் போனால் மறுபடி விசில்.

வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலையில் பழகியவர், தூசி ஆகாது, காற்று ஆகாது. மருந்தை நிறுக்கும் தராசு காற்றில் ஆடும் என்று மின்விசிறியை அணைத்துச் சன்னலையும் சாத்திவிடுவார். அறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதும் அவர்தான். டயர் கடைகளில் கிடைக்கும் பழைய ஈயத் துண்டுகளை நான் சுமந்து வந்து போடுவேன். பிறகு நிரப்பும் இயந்திரத்தின் நெம்புகோலை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருப்பார். நிரப்பிய ஒவ்வொன்றையும் விளக்கடியில் உருட்டிப் பார்த்துத்தான் பெட்டியில் அடுக்குவார்.

"நான் காலையிலேர்ந்து செய்யறத நீ ஒரு மணி நேரத்துல சத்தமாக்கிட்டுப் போயிடுற. ஒரு நன்றி உண்டா?" என்பார்.

சாப்பாட்டுக் கூடம் மேலே, படியேறிப் போக வேண்டும். அங்கே உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் போவதில்லை. நாசி லெமாக் பொட்டலத்தை அந்த மேசையிலேயே பிரித்து, குழாய்த் தண்ணீரில் விரலை நனைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுவோம். கரண்டி வைத்துச் சாப்பிட்டால் சோறு இறங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான கொள்கை. விரல் நுனியில் எப்போதும் ஒரு சாம்பல் நிறம் இருக்கும். பென்சில் பிடித்த பிள்ளையின் விரல் மாதிரி. அதை அழுக்கு என்றே நாங்கள் நினைக்கவில்லை.

மாதம் ஒரு முறை சூலியா தெருவிலிருந்து ஒரு பாய் வருவார். பூட்டும் இரும்புப் பெட்டியும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் உள்ளவர். ரிவால்வரைக் கழற்றி, தோட்டா வைக்கும் உருளையைக் கட்டை விரலால் ஆட்டிப் பார்ப்பார். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் மெல்லிய தகடுகளைச் செருகி அளப்பார். துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தின் உட்பக்கத்தில், அந்தச் சந்துக்கு நேர் மேலே, நெருப்பு பட்டுப் பட்டு நூல் பிடித்தாற்போல ஒரு கோடு விழுந்திருந்தது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விரிசலா என்று கேட்டார். இல்லை என்று பாய் தலையை ஆட்டினார். அது விழத்தான் செய்யும், ஓர் அளவுக்கு மேல் ஆழம் போகாது, நின்றுவிடும் என்றார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகாதுமா. நீங்க ரெண்டு பேருந்தான் கருவாடு மாதிரி காஞ்சிக்கிட்டு வர்றீங்க. நல்லா சாப்பிடுங்க லா."

அவர் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் காய்ந்துகொண்டுதான் இருந்தோம். எனக்கு முழங்கையில் வலி. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் தோல் பிளந்து, ஆறுவதற்குள் மறுபடி பிளந்துகொண்டிருந்தது. அது சுடுவதால் வருவது, காரணம் தெரியும். அக்காவுக்கு வந்ததற்குக் காரணம் தெரியவில்லை. வாயில் இரும்பைச் சப்பினாற்போல ருசி என்பார். வயிற்றைப் பிசைகிறது என்று மேசையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருப்பார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. ஈயம்தான் அது. சாத்திய சன்னலுக்குள் மூச்சில் போனதும், சோற்றோடு விரலிலிருந்து போனதும். அப்போது எங்களுக்கு அது தெரியாது. வயசு என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு கை. ஒருநாள் காப்பிக் குவளை அவர் வலது கையிலிருந்து நழுவியது. அதற்கப்புறம் குவளையை இடது கையால் எடுத்தார். கொஞ்ச நாளில் வலது மணிக்கட்டு மேலே எழும்புவதே நின்றுபோனது. கையை நீட்டினால் மணிக்கட்டிலிருந்து கீழே, தண்ணீர் இல்லாத செடி போலத் தொங்கியது. விரலை மடக்கிப் பிடிக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. நெம்புகோலைக் கீழே இழுக்கக் கை உதவியது. மறுபடி மேலே கொண்டுபோக, இடது கையால் வலது கையைத் தூக்கி நெம்புகோலின் மேல் வைத்துக்கொள்வார். ஏதோ பொருளை எடுத்து வைப்பதைப் போல.

அரசாங்க கிளினிக்குக்குப் போனார். என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்குக் கிளீனிங் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கி, வெடிமருந்து என்று சொன்னால் யாராவது சங்கத்துக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்று பயம். நரம்பு என்று சத்து மாத்திரை கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தேதி ஆண்டுக் கூட்டத்துக்கும் பிறகுதான் கிடைத்தது. அதுவரை ஓட்டிவிடலாம் என்றார். கூட்டம் முடிந்து நிரந்தரமாகிவிட்டால் மருத்துவ விடுப்பு எடுக்க முடியும். அதற்கு முன்னால் எடுத்தால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் வழக்கம் போலச் சுட்டுக்கொண்டிருந்தேன். மேக்னம் சுடும்போது சத்தத்தைவிட உள்ளங்கையில் விழும் அறையைத்தான் உடம்பு எதிர்பார்க்கும். அந்தத் தடவை அறை விழவில்லை. காய்ந்த மட்டை புல்லில் விழுந்தது மாதிரி ஒரு பொத். எதிரே இலக்குத் தாளில் புது ஓட்டை இல்லை. துப்பாக்கியை மண் மேட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டு பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். குண்டு குழலுக்கு நடுவில் சிக்கியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். அதன் பின்னால் என் முகம் இருந்தது.

பாயை வரவழைத்தார்கள். பித்தளைக் கம்பியால் தட்டிக் குண்டை வெளியே எடுத்தார். குழலுக்குச் சேதம் இல்லை. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றார்.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி. எல்லாரும் அவரைச் சார் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. யாருக்கும் வரக்கூடியதுதான். துப்பாக்கி தாங்கினால்தான் இவர்களுக்கு வேலை, அதனால் மருந்தைக் குறைத்துப் போட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒன்றில் அளவு தவறிக் குறைத்துவிட்டார்கள் என்று. மிச்சமிருந்த பெட்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு, சனிக்கிழமை செயற்குழு முன் வரச் சொன்னார்.

அன்று மதியம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். மருந்து விடும் கைப்பிடியைத் தூக்கும்போது கை வழுக்கிவிட்டது, பாதியிலேயே கீழே வந்துவிட்டது, நிறைந்தது என்று நினைத்துக் குண்டை வைத்துவிட்டேன் என்று அக்கா சொன்னார். விளக்கடியில் உருட்டிப் பார்க்கும்போது வெளியிலிருந்து அது தெரியாது. உள்ளே பார்ப்பதற்கு முன்பே மூடியாகிவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல், உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஆரம்பித்து அதை முடிக்கவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றேன். கை சரியில்லை, ஒரு தடவை தவறிவிட்டது. துப்பாக்கிச் சோதனை செல்லும், அறையும் இருக்கும், உங்களுக்கு வேறு சின்ன வேலை கொடுக்கலாம் என்று.

"கொடுக்க மாட்டாங்க தம்பி. கை வராதவளுக்கு அங்க என்ன வேலை? போயிட்டு வான்னு மரியாதையா அனுப்புவாங்க. அப்புறம் பாவம், அந்தம்மாவுக்குக் கை வராதுன்னு பத்துப் பேர்கிட்ட சொல்லுவாங்க. எல்லாம் நல்ல மனசுல சொல்றதுதான். அவங்க காரு கழுவுறவன்லேர்ந்து கடைக்காரன் வரைக்கும் தெரிஞ்சிடும். பினாங்கு எவ்ளோ பெருசு?"

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"அவரு நெனக்கிறதத்தான். ஆமா, கொறச்சேன்னு."

அப்படிச் சொன்னால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்றேன்.

"கட்டட்டும். கள்ளின்னா ரெண்டு மாசம் பேசுவாங்க, மறந்துடுவாங்க. கையில்லாதவள்னா பாக்கும்போதெல்லாம் கையத்தான் பாப்பாங்க." பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நான் அப்படிச் சொன்னா இத்தன நாள் நீ சுட்டதெல்லாம் செல்லாது. அறைய மூடிடுவாங்க. உன் வேலையும் போவும். நீ வேணாம்னு சொன்னா நான் சொல்லல."

எனக்கு அதிலொன்றும் பெரிய யோசனை இல்லை. வேலை போவது எனக்குப் பழகிய விஷயம். உங்கள் இஷ்டம் அக்கா என்றேன். பேருந்து வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

சனிக்கிழமை, அதுவரை நாங்கள் போகாத சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். குளிர்சாதனம், நீளமான மேசை, எங்களுக்கும் தேநீர். பூட்டிய பெட்டிகளிலிருந்து சில தோட்டாக்களை எடுத்துப் பாய் பிரித்து எடை போட்டிருந்தார். எல்லாவற்றிலும் மருந்து சரியான அளவு இருப்பதாகச் சொன்னார். ரிவால்வரையும் அளந்திருந்தார். உருளை ஆடவில்லை, விரிசல் இல்லை, இன்னும் பல வருடம் போகும் என்றார். செயலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் எப்படி என்று அக்காவைக் கேட்டார். குரல் தன்மையாகத்தான் இருந்தது. தவறிவிட்டது என்று சொல்ல அவரே ஒரு வாசலைத் திறந்து கொடுத்தார் என்றுகூட எனக்குப் பட்டது.

"எல்லாத்துலயும் இல்ல சார். அப்பப்ப சிலதுல மட்டும் கொறச்சேன். துப்பாக்கி போயிடக்கூடாதுன்னு."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

பாய் அக்காவைப் பார்த்தார். அவர் தோட்டாக்களைப் பிரித்து எடை போட்டவர். அந்த அறையில் செய்த ஒவ்வொரு தோட்டாவும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். அக்காவின் வலது கை மேசைக்குக் கீழே மடியில் கிடந்தது. தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தார். பாய் அந்தக் குவளையைப் பார்த்தார், பிறகு மடியைப் பார்த்தார், பிறகு தன் தகடுகளைத் துணியில் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவின் பொய் நின்றிருக்காது. சொல்லவில்லை. அதை உபகாரம் என்பதா வேறென்ன என்பதா எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டே, "கடைப் பக்கம் வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமா" என்று மட்டும் சொன்னார்.

சோதனை செல்லாது என்று முடிவானது. அறையை மூடினார்கள். போலீசுக்குச் சொன்னால் சங்கத்தின் உரிமத்துக்கே கேடு என்று செயலாளர் விஷயத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டார். அக்கா அதையும் முன்பே யோசித்திருந்தாரோ என்னவோ. புல் வெட்டும் வேலையும் வேறு ஆளுக்குப் போனது.

நான் பாலம் கடந்து பெருநிலத்துக்குப் போனேன். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் இடத்தில் ஆள் கேட்டார்கள். சேர்ந்த அன்றே இரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். ஈயம் உடம்பில் ஏறும், வயிறு வலிக்கும், இரத்தம் வெளுக்கும், ரொம்ப ஏறினால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்று அங்கிருந்த தாதி மலாயில் சொன்னார். சொல்லும்போது தன் கையைத் தொங்கவிட்டுக் காட்டினார். அதே தொங்கல். சில நாளில் முடிவு வந்தபோது என் இரத்தத்திலும் ஏறித்தான் இருந்தது, ஆனால் ஓரளவோடு. மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு, முதலில் ஈயம் இருக்கும் இடத்தை விட்டு வெளியே வர வேண்டும், மருத்துவமனையில் படுக்க வேண்டும், கை திரும்ப நாளாகும், சீக்கிரம் போனால் திரும்பலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தீவுக்குப் போனேன். அக்கா கெலுகோரில், பல்கலைக்கழக மாணவர்கள் வந்து மொய்க்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருப்பதாக அவர் தங்கை சொன்னாள். கடையின் பின்பக்கம், சாக்கடையை ஒட்டி, மூன்று பெரிய தொட்டிகள். அக்கா முழங்கை வரை மஞ்சள் ரப்பர் கையுறை போட்டிருந்தார். வலது மணிக்கட்டு நேராக நின்றது. ஒரு கணம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் போனதும் தெரிந்தது: கையுறைக்கு உள்ளே, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை பள்ளிப் பிள்ளைகளின் மர அடிக்கோலை வைத்துத் துணியால் கட்டியிருந்தார். அதன் மேல் கையுறையை இழுத்து மாட்டியிருந்தார். தட்டை வலது கைமேல் சாய்த்து, இடது கையால் தேய்த்தார். வேகமாகவே தேய்த்தார்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டார். கை நிற்கவில்லை.

தாதி சொன்னதையெல்லாம் சொன்னேன். ஈயம் என்றேன், இரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன், டாக்டரிடம் பழைய வேலையை மட்டும் சொன்னால் போதும், யாரும் சங்கத்துக்குப் போன் போட மாட்டார்கள் என்றேன். பெரிய மருத்துவமனையில் கொடுத்திருந்த தேதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அன்று கடையில் ஆள் இல்லை, போகவில்லை என்றார்.

"எத்தன நாள் படுக்கணும்?"

தெரியாது, சில நாள் இருக்கலாம், திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும் என்றேன்.

அவர் தட்டைத் தண்ணீரில் முக்கினார். முன்பக்கத்திலிருந்து ஒரு பையன் எச்சில் தட்டுகளை இன்னொரு அடுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"நான் வந்தப்ப இங்க ஒருத்தி இருந்தா. பிள்ளைக்குக் காய்ச்சல்னு மூணு நாள் வரல. அந்த எடத்துலதான் நான் நிக்கிறேன்."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். சீக்கிரம் போனால்தான் கை திரும்பும் என்று மறுபடி சொன்னேன் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது அடிக்கோல் கொஞ்சம் நழுவி, தட்டு தொட்டியின் விளிம்பில் சாய்ந்தது. இடது கையால் பிடித்துவிட்டார். உடையவில்லை. முன்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

"பேசிக்கிட்டிருந்தா கைய மறந்துடுறேன். கூட்டம் வர்ற நேரம். நீ போ தம்பி."

கையுறையின் வாயைப் பல்லால் கடித்து மேலே இழுத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தார்.